காது வலி, சீழ், அடைப்பு, கேளாமை: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"காது அடைச்ச மாதிரி இருக்கு." காதில் கோளாறு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இதற்குக் காரணம் இறுகிப்போன குறும்பியாக இருக்கலாம். சளி பிடித்த பிறகு நடுச்செவியில் தேங்கிய நீராக இருக்கலாம். ஒரே இரவில் செயலிழந்த உட்செவியாகவும் இருக்கலாம். முதலாவது பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். இரண்டாவது சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடக்கூடும். மூன்றாவதில் நாட்களைக் கடத்தினால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். ஆனால் உள்ளே தோன்றும் உணர்வு மூன்றுக்கும் ஒன்றுதான்.

அதனால் காதைப் பொறுத்தவரை "என்ன மருந்து போடலாம்?" என்று கேட்பதற்கு முன் "எந்த இடத்தில் கோளாறு?" என்று கேட்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது. வீட்டில் இருப்பவரே கவனிக்கக்கூடியது எது, கருவியும் பயிற்சியும் உள்ளவர் செய்ய வேண்டியது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன். பரிசோதனை செய்துகொள்ளப் போகிறவருக்கும், செவிலியர், சுகாதாரப் பணியாளர், மருத்துவ மாணவர் போன்றோருக்கும் இது உதவும்.

படி 1: அவசரமா, இல்லையா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் மருந்து எதையும் போட்டுப் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

- சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது
- காது வலியோடு அல்லது சீழோடு முகம் ஒரு பக்கமாகக் கோணுவது
- காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, காதுமடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்பது
- சீழ் வடியும் காதோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, நினைவு தடுமாற்றம்
- தலையில் அடிபட்ட பிறகு காதிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிவது
- காதுக்குள் பட்டன் பேட்டரி போய்விடுவது
- சர்க்கரை நோய் உள்ளவருக்கு இரவெல்லாம் தூங்கவிடாத காது வலி
- தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம்

பட்டன் பேட்டரி சில மணி நேரத்திலேயே தோலையும் செவிப்பறையையும் அரித்துவிடும். தண்ணீரோ சொட்டு மருந்தோ விட்டால் இன்னும் மோசமாகும். சர்க்கரை நோயாளியின் விடாத வலி, கிருமித்தொற்று காதுக்குழாயைத் தாண்டி மண்டை எலும்புக்குள் பரவுவதால் வருவதாக இருக்கலாம். வெளியே பார்க்கும்போது சாதாரணப் புண் மாதிரியேதான் தெரியும்.

இந்தப் பட்டியலில் மக்கள் அதிகம் கோட்டைவிடுவது முதல் வரியைத்தான். காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்திருக்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. குறும்பியாக இருக்கும் என்று சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் விட்டுப் பார்க்கிறார்கள். சரியாகவில்லை என்றதும் சளிக்கு மாத்திரை ஒரு வாரம். இப்படி உட்செவியோ நரம்போ திடீரெனப் பழுதாகும் திடீர் நரம்புக் கேளாமைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சிகிச்சை நன்றாகப் பலன் தருவது முதல் இரண்டு வாரங்களில்தான். அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த இரண்டு வாரமும் இப்படியே கரைந்துவிடுகிறது.

இந்த நிலையில் மருத்துவரிடம் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்..." என்று நீளமாக ஒலி எழுப்புங்கள். அந்த ஒலி அடைத்த காதில் கூடுதலாகக் கேட்டால், ஒலி போகும் வழியில் தடை இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் உட்செவியில் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். நல்ல காது உள்ளவர்கள் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், ஒலி அடைத்த பக்கத்துக்கே போகும். ஆனால் இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு அல்ல. அடைத்த காதில்தான் கேட்டது என்பதற்காக மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

படி 2: மூன்று பகுதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

வெளிச்செவி என்பது காதுமடலும், சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள காதுக்குழாயும். அதன் கடைசியில் செவிப்பறை. அதற்குப் பின்னால் நடுச்செவி: காற்று நிறைந்த சிறு அறை, அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று எலும்புகள். மூக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் இங்கே வந்து சேர்கிறது. சளி பிடித்தால் காது அடைப்பது அதனால்தான். அதற்கும் உள்ளே உட்செவி: கேட்பதற்கு நத்தைச்சுருள், உடலின் சமநிலைக்கு அரைவட்டக் குழாய்கள், பிறகு மூளைக்குப் போகும் நரம்பு.

வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ தடை ஏற்பட்டு ஒலி உள்ளே போகாவிட்டால் அது கடத்தல் கேளாமை. நத்தைச்சுருளோ நரம்போ பழுதானால் நரம்புக் கேளாமை. இரண்டும் சேர்ந்தால் கலப்புக் கேளாமை. இனி செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையும் இந்த மூன்றில் எது என்று பிரித்துக் காட்டத்தான்.

படி 3: கதையை முழுதாகக் கேளுங்கள்

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதிக் கண்டுபிடிப்பு இங்கே முடிந்துவிடும். அதனால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

வலி என்றால், காதுமடலை இழுத்தால் கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால் பெரும்பாலும் காதுக்குழாய்ப் புண். குளித்த பிறகு, நீந்திய பிறகு, பட்ஸ் போட்டுக் குடைந்த பிறகு வருவது இதுதான். சளியும் காய்ச்சலுமாக இருந்த குழந்தை நடு இரவில் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் நடுச்செவித் தொற்று. அந்த வலி சட்டென்று நின்று, தலையணையில் சீழ் தெரிந்தால் செவிப்பறை உடைந்து வழிவிட்டிருக்கிறது என்று பொருள். வலி போய்விட்டதே என்று அத்தோடு விடக் கூடாது.

காது முற்றிலும் நன்றாக இருந்தும் வலி வருவது உண்டு. சொத்தைப் பல், தாடை மூட்டு, டான்சில், கழுத்துப் பகுதி முதுகெலும்பு ஆகியவற்றின் நரம்புகள் காதோடும் தொடர்புடையவை. புகைபிடிக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கு ஒரு காதில் மட்டும் பல வாரமாக வலி. காதைப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. அவருக்குத் தொண்டையையும் நாக்கின் அடிப்பகுதியையும் குரல்வளையையும் பார்க்காமல் அனுப்பக் கூடாது. அங்கே வரும் புற்றுநோயின் முதல் அறிகுறி காது வலியாக இருக்கலாம்.

சீழ் என்றால் எத்தனை நாளாக, எவ்வளவு, என்ன வாடை என்று கேளுங்கள். நூல் நூலாக இழுபடும் சளி போன்ற சீழ் என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று பார்க்காமலே ஊகிக்கலாம். காரணம், காதுக்குழாயின் தோலில் சளிச் சுரப்பி கிடையாது. அது நடுச்செவியிலிருந்துதான் வர முடியும். சளி பிடிக்கும்போதும் காதில் தண்ணீர் போகும்போதும் நிறைய வடிந்து பிறகு காய்ந்துவிடுவது பெரும்பாலும் இந்த வகை.

கொஞ்சமாக, விடாமல், நாற்றத்தோடு வடிவது வேறு. கொலஸ்டியடோமா என்பார்கள்: தோல் நடுச்செவிக்குள் புகுந்து, அடுக்கடுக்காக வளர்ந்து, சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். கேட்கும் எலும்புகள், முக நரம்பு, கடைசியில் மூளையுறை வரை போகும். வலி அனேகமாக இருக்காது. "சின்ன வயசுல இருந்தே கொஞ்சம் வடியும், பழகிப்போச்சு" என்று சொல்பவரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இதற்குச் சொட்டு மருந்து தீர்வாகாது. அறுவை சிகிச்சை வேண்டும்.

கேட்பதில் குறை என்றால் ஒரு காதா, இரண்டுமா, திடீரென்றா, மெல்ல மெல்லவா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் சின்னச் சின்னக் கேள்விகள். போனை எந்தக் காதில் வைக்கிறார்? சமீபத்தில் காதை மாற்றிக்கொண்டாரா? சத்தமான இடத்தில் பேச்சு புரிகிறதா? நரம்புக் கேளாமை உள்ளவருக்குக் கூட்டத்தில் பேச்சே புரியாது. கடத்தல் கேளாமை உள்ளவர் அங்கே ஓரளவு சமாளிப்பார். தன் குரல் தனக்கு உள்ளே பெரிதாகக் கேட்பதால் மெதுவாகப் பேசவும் செய்வார்.

வயதானவர்களின் வீட்டில் ஒரு சண்டை அடிக்கடி நடக்கும். "மெதுவா சொன்னா கேட்கலேங்கறார், சத்தமா சொன்னா ஏன் கத்தறேங்கறார்." வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் மனம் நோகிறார்கள். அது அவர் குணம் அல்ல, நத்தைச்சுருளின் பழுது. மெல்லிய ஒலி கேட்காது. ஓர் அளவைத் தாண்டியதும் ஒலி திடீரெனப் பெரிதாகிக் காதைக் குத்தும். இன்னொன்று, முதலில் போவது உச்ச அதிர்வெண். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் யாரோ பேசுவது கேட்கும்; மெய்யொலிகள் நழுவுவதால் கடையா, சடையா, படையா என்று பிரியாது. "கேட்குது, புரியலை" என்று அவர் சொல்வது அப்படியே உண்மை.

வேலை இடத்துச் சத்தம், துப்பாக்கி, வெடி, ஹெட்ஃபோன், குடும்பத்தில் கேளாமை, சாப்பிட்ட மருந்துகள் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகளும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினும் உட்செவியைப் பாதிக்கும்.

இரைச்சல் இரண்டு காதிலும் கீச்சென்று இருந்தால் பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்ததன் துணை அறிகுறி. ஒரு காதில் மட்டும் இருந்தால் காரணம் தேட வேண்டும். நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் இரைச்சலுக்கு இரத்தக்குழாய்களையும் பார்க்க வேண்டும்.

தலைசுற்றல் என்றால் ஒரே கேள்வி முக்கியம்: ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம்? படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றி நின்றால் காதுக்குள் உள்ள நுண்படிகங்கள் இடம் மாறியிருக்கின்றன. கேட்பதில் குறை இருக்காது. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காதில் இரைச்சல், கனம், கேட்பதில் ஏற்ற இறக்கம் என்றால் உட்செவியைத் தாக்கும் மெனியர் நோய். நாள்கணக்கில் நிற்காமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சி; அதோடு ஒரு காதும் கேட்காமல் போனால் உட்செவி முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

படி 4: கண்ணால் பாருங்கள், விரலால் தொடுங்கள்

காதுமடலின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். பழைய அறுவைத் தழும்பு, வீக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கும். காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு குருத்து மேட்டை மெல்ல அழுத்துங்கள். சுருக்கென்று வலித்தால் காதுக்குழாயில் புண். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை (மாஸ்டாய்டு) அழுத்தி வலித்தால் அந்த எலும்பில் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். மடலில் சிறு கொப்புளங்களும் முகக் கோணலும் சேர்ந்திருந்தால் அது அக்கி வைரஸின் வேலை. உடனே சிகிச்சை வேண்டும்.

படி 5: ஓட்டோஸ்கோப்பில் பார்ப்பது

ஓட்டோஸ்கோப் என்பது காதுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்க்கும் கருவி. இது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டியது. ஆனால் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்திருப்பது எல்லோருக்கும் நல்லது.

நல்ல காதை முதலில் பார்க்க வேண்டும். இயல்பான தோற்றம் தெரிந்துவிடும், ஒரு காதின் கிருமி மறு காதுக்கும் போகாது. பெரியவர்களுக்கு மடலை மேலேயும் பின்னாலும் இழுத்தால் குழாய் நேராகும். சிறு குழந்தைக்குக் கீழேயும் பின்னாலும். கருவியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, சுண்டுவிரலைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். குழந்தை சட்டென்று தலையைத் திருப்பினால் கையும் கூடவே திரும்பும், முனை குழாயைக் குத்தாது.

இயல்பான செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில், ஓரளவு ஊடுருவித் தெரியும். நடுவில் சுத்தி எலும்பின் காம்பு சாய்வாக இறங்கும். அதன் நுனியிலிருந்து முன்பக்கக் கீழ் ஓரம் வரை வெளிச்சம் முக்கோணமாகப் பிரதிபலிக்கும். கடிகார முகத்தில் சொன்னால் வலது காதில் 5 மணி, இடது காதில் 7 மணி இருக்கும் இடம். சிவந்து வெளியே புடைத்திருந்தால் கடுமையான நடுச்செவித் தொற்று. மங்கி, உள்ளே இழுபட்டு, பின்னால் நீர்மட்டமோ குமிழியோ தெரிந்தால் நீர்த் தேக்கம். அழும் குழந்தையின் செவிப்பறை அழுகையாலேயே சிவக்கும். சிவப்பை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது. புடைப்புதான் நம்பகமான அடையாளம்.

செவிப்பறையின் நடுவைப் பார்த்ததும் திருப்தியாகிவிடக் கூடாது. மேல் ஓரத்தில் ஒரு தளர்ந்த சிறு பகுதி உண்டு. கொலஸ்டியடோமா ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பொருக்கைக் குறும்பி என்று நினைத்து விட்டுவிட்டால் பல வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

குழாயில் கருப்புப் புள்ளிகளோ வெள்ளைப் படலமோ இருந்து அரிப்பும் தாங்கவில்லை என்றால் பூஞ்சைத் தொற்று. வெறும் ஆன்ட்டிபயாட்டிக் சொட்டு மருந்து இதற்கு உதவாது. தொடர்ந்து விட்டால் கூடத்தான் செய்யும்.

குறும்பி அழுக்கு அல்ல. காதுத் தோலைக் காக்கும் பொருள். தானாகவே மெல்ல வெளியே நகரும். பட்ஸ் அதைத் திரும்ப உள்ளே தள்ளித் திணிக்கிறது. இப்போது கேமரா பொருத்திய குடைகோல்கள் விற்கிறார்கள். போன் திரையில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்கிறார்கள். படம் பார்ப்பதோடு நின்றால் சரி. திரையில் ஆழம் தெரியாது. செவிப்பறை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் குடைவது ஆபத்து. குறும்பி இறுகியிருந்தால் ஆலிவ் எண்ணெய் அல்லது சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்து விட்டு இளக்கலாம். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, முன்பு சீழ் வடிந்திருக்கிறது, காதில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்றால் எதையும் விடக் கூடாது.

குறும்பியை எடுத்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். எடுத்த பிறகு திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும். குறும்பிக்குப் பின்னால் வேறு கோளாறும் இருக்கலாம்.

உயிருள்ள பூச்சி உள்ளே போய்விட்டால் எண்ணெய் விட்டு அதை முதலில் சாகடிக்கலாம், செவிப்பறை நன்றாக இருந்தால் மட்டும். விதை, தானியம் போன்றவற்றுக்குத் தண்ணீர் விடக் கூடாது, ஊறி உப்பிக்கொள்ளும்.

படி 6: குரலும் இசைக்கவையும்

முணுமுணுப்புச் சோதனையை யாரும் செய்யலாம். கேட்பவருக்குப் பின்னால், ஒரு கை நீளத் தூரத்தில் (சுமார் 60 செ.மீ.) நில்லுங்கள். உதடு தெரியக் கூடாது என்பதால்தான் பின்னால். சோதிக்காத காதின் குருத்து மேட்டை அழுத்தி மெல்லத் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மூச்சை முழுவதும் வெளியே விட்ட பிறகு, எண்ணும் எழுத்தும் கலந்த மூன்றைக் கிசுகிசுங்கள்: "ஏழு, கா, இரண்டு" என்பதுபோல. மூன்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். தவறினால் வேறு மூன்று சொல்லுங்கள். மொத்தம் ஆறில் மூன்றாவது சரியாக இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்து வரையும் வரைபடம்) எடுக்க வேண்டும்.

இசைக்கவை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரு கிளை உலோகக் கவை) சோதனைக்கு 512 ஹெர்ட்ஸ் கவை நல்லது. அதற்கும் தாழ்ந்தது அதிர்வாக உடலில் உணரப்பட்டு ஏமாற்றும். உயர்ந்தது சீக்கிரம் அடங்கிவிடும். மேஜையில் தட்டாமல் முழங்கையிலோ முழங்காலிலோ தட்ட வேண்டும்.

வெபர் சோதனையில் கவையை நெற்றி நடுவில் வைத்து "எங்கே கேட்கிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும். "வலதா, இடதா?" என்று கேட்டால் பதிலைத் திணித்தது போலாகும். கடத்தல் கேளாமையில் ஒலி கேட்காத காதுக்கே போகும். "அந்தக் காதுதானே கேட்காது, அதில் எப்படிக் கேட்கும்?" என்று நோயாளிகள் தயங்கி, நல்ல காதைக் காட்டிவிடுவார்கள். கேட்பதை அப்படியே சொல்லுங்கள், தப்பு ஒன்றும் இல்லை என்று முன்கூட்டியே தைரியம் சொல்வது நல்லது. நரம்புக் கேளாமையில் ஒலி நல்ல காதுக்குப் போகும்.

ரின்னே சோதனையில் கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்து, பிறகு அதன் கிளைகளைக் காதுத் துளைக்கு முன்னால் காட்டி, எது பெரிதாகக் கேட்கிறது என்று கேட்பார்கள். காற்று வழியாகக் கூடுதலாகக் கேட்டால் இயல்பு அல்லது நரம்புக் கேளாமை. எலும்பு வழியாகக் கூடுதலாகக் கேட்டால் கடத்தல் கேளாமை.

இதில் ஒரு பொறி உண்டு. ஒரு காது நரம்பு முற்றிலும் செத்திருந்தால், அந்தப் பக்க எலும்பில் வைத்த கவையின் ஒலி மண்டையோடு வழியாக நல்ல காதுக்குப் போய்விடும். நோயாளி "எலும்பில் கேட்குது" என்பார். கடத்தல் கேளாமை என்று தவறாக நினைத்துவிடுவோம். வெபர் நல்ல காதுப் பக்கம் போவதுதான் இதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு சோதனைகளையும் எப்போதும் சேர்த்தே செய்வதற்குக் காரணம் இதுதான். வெபர் 1834இலும் ரின்னே 1855இலும் விவரித்த இந்தச் சோதனைகள் திடீர்க் கேளாமையை அரை நிமிடத்தில் அடையாளம் காட்ட இன்றைக்கும் உதவுகின்றன.

படி 7: ஆடியோகிராமைப் படிப்பது

ஒலி புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கேட்கும் மிக மெல்லிய ஒலியைக் குறிப்பார்கள். கிடைக்கோட்டில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்; செங்குத்தாக ஒலியின் அளவு, டெசிபலில். கீழே போகப் போகக் கேளாமை கூடுதல். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. எலும்பு வழியாக அளந்ததற்கு அம்புமுனை அல்லது அடைப்புக்குறி வடிவங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, காற்று வழிக் கோடும் எலும்பு வழிக் கோடும் ஒட்டிப் போகின்றனவா என்பதை. இரண்டும் சேர்ந்தே இறங்கினால் நரம்புக் கேளாமை. எலும்பு வழி இயல்பாக இருந்து காற்று வழி மட்டும் தாழ்ந்து, நடுவில் தெளிவான இடைவெளி இருந்தால் கடத்தல் கேளாமை. இரண்டும் தாழ்ந்து இடைவெளியும் இருந்தால் கலப்பு.

அளவைக் கணக்கிட 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் மதிப்புகளின் சராசரியை எடுங்கள். ஒருவருக்கு நன்றாகக் கேட்கும் காதில் முறையே 20, 25, 40, 65 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 150, சராசரி 37.5 டெசிபல். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் நன்றாகக் கேட்கும் காதில் 20க்குக் கீழ் இயல்பு, 20 முதல் 35க்குள் லேசானது, 35 முதல் 50க்குள் மிதமானது, 65க்குள் மிதமான தீவிரம், 80க்குள் தீவிரம், 95க்குள் மிகத் தீவிரம், அதற்கு மேல் முழுக் கேளாமை. ஆக இவருக்கு மிதமான கேளாமை. ஆனால் சராசரியோடு நின்றால் அவருடைய கஷ்டம் புரியாது. 500இல் 20, 4000இல் 65 என்ற அந்தச் சரிவுதான், யாரோ பேசுவது கேட்டும் என்ன பேச்சு என்று புரியாததற்குக் காரணம்.

கோட்டின் வடிவமும் பேசும். உச்ச அதிர்வெண்ணை நோக்கிச் சீராகச் சரிந்தால் வயது. 4000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளம் விழுந்து 8000இல் திரும்ப ஏறினால் சத்தத்தால் வந்த பாதிப்பு. தாழ்ந்த அதிர்வெண்ணில் மட்டும் குறைந்தால் மெனியர் நோயை நினைக்க வேண்டும். செவிப்பறை இயல்பாக இருந்தும் கடத்தல் கேளாமை தெரிந்து, எலும்பு வழிக் கோட்டில் 2000 ஹெர்ட்ஸில் சிறு பள்ளமும் இருந்தால், அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளரோசிஸ். இது பரம்பரையாக வருவதுண்டு.

இரண்டு காதுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால், மோசமான காதைச் சோதிக்கும்போது நல்ல காதில் இரைச்சல் கொடுத்து மறைத்தார்களா என்று கேளுங்கள். மறைக்காவிட்டால் நல்ல காது கேட்டதைத்தான் மோசமான காதின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

படி 8: மற்ற சோதனைகள்

டிம்பனோமெட்ரி, காதுக்குழாயில் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எப்படி அசைகிறது என்று கோடாக வரைந்து பார்ப்பது. நடுவில் உச்சி உள்ள ஏ வகை இயல்பு. உச்சியே இல்லாத தட்டையான பி வகை என்றால் கூடவே காதுக்குழாயின் கொள்ளளவையும் பார்க்க வேண்டும்: இயல்பான அளவு என்றால் உள்ளே நீர், மிகப் பெரிதாக இருந்தால் செவிப்பறையில் ஓட்டை, மிகச் சிறிதாக இருந்தால் குறும்பி அல்லது கருவியின் முனை சுவரில் ஒட்டியிருக்கிறது. உச்சி இடது பக்கம் ஒதுங்கிய சி வகை, மூக்கிலிருந்து வரும் குழாய் சரியாகத் திறக்கவில்லை என்று சொல்கிறது.

பெரியவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் தேங்கிச் சில வாரமாகியும் வடியவில்லை என்றால் மூக்கின் பின்பக்கத்தை எண்டோஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும். அங்கே வளரும் கட்டி அந்தக் குழாயை அடைத்திருக்கலாம்.

ஓ.ஏ.இ. சோதனை நத்தைச்சுருளின் வெளிமுடிச் செல்கள் (முடி போன்ற இழைகள் கொண்ட உணர்செல்கள்) திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அளக்கிறது. டேவிட் கெம்ப் 1978இல் அந்த ஒலியைக் கண்டறிந்ததால்தான் பிறந்த குழந்தைக்கும் இன்று சில நிமிடத்தில் சோதிக்க முடிகிறது. பெரா சோதனை, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் எதிர்வினையைப் பதிவு செய்கிறது. ஓ.ஏ.இ. நன்றாக இருந்து பெரா வராவிட்டால் கோளாறு நரம்பு வழியில் இருக்கலாம். அதனால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது.

படி 9: குழந்தை என்றால்

கைதட்டிப் பார்த்துவிட்டு "திரும்பிச்சு, கேட்குது" என்று முடிவு செய்யாதீர்கள். தட்டும்போது வரும் காற்று, அசையும் நிழல், கட்டிலின் அதிர்வு எதற்கு வேண்டுமானாலும் குழந்தை திரும்பும். கேளாத குழந்தைகளும் முதல் மாதங்களில் "ங்கா" என்று குரல் எழுப்பும். அதுவும் சான்று அல்ல.

உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு எளிமையானது: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோய் உறுதி, ஆறு மாதத்துக்குள் செவித்துணைக் கருவியும் பயிற்சியும். மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் காலம் முதல் சில வருடங்கள்தான். ஆறு மாதமாகியும் ஒலி வந்த பக்கம் திரும்பவில்லை, ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாதான் பேசினாங்க" என்று காத்திருக்க வேண்டாம். முதல் சோதனையில் தேறிய குழந்தைக்கும் பிறகு கேளாமை வரலாம். மூளைக்காய்ச்சல் (மூளையுறை அழற்சி) வந்து தேறிய குழந்தைக்கு உடனடியாகக் கேட்கும் சோதனை வேண்டும். அந்த நோய்க்குப் பிறகு நத்தைச்சுருள் எலும்பாக இறுகிவிட்டால் அதற்குள் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவதே சிரமமாகிவிடும்.

பள்ளிக் குழந்தை டிவி சத்தத்தைக் கூட்டுகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வகுப்பில் கவனம் இல்லை என்று புகார் வந்தால் திட்டுவதற்கு முன் காதைப் பாருங்கள். நடுச்செவி நீர்த் தேக்கத்தில் வலியே இருக்காது.

படி 10: திரும்ப எப்போது சோதிப்பது

குழந்தையின் நீர்த் தேக்கத்தைப் பொதுவாக மூன்று மாதம் கவனித்து மீண்டும் சோதிப்பார்கள், பெரும்பாலும் வடிந்துவிடும். திடீர்க் கேளாமைக்குச் சிகிச்சை முடிந்த பிறகு மறு ஆடியோகிராமும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவை. மெல்ல வந்ததானாலும் ஒரு காது மட்டும் நரம்புக் கேளாமை காட்டினால் அதற்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும், கேட்பு நரம்பின் மேல் வளரும் கட்டி இப்படித்தான் ஆரம்பிக்கும். கன்னத்தில் அறை வாங்கிச் செவிப்பறை கிழிந்தவருக்குக் காதை நனையாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்; மூடியதை மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

85 டெசிபலுக்கு மேல் சத்தமுள்ள இடத்தில் வேலை செய்பவர் சேரும்போது ஒன்றும், பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் ஆடியோகிராம் எடுக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து தொடங்குமுன் ஒன்று எடுத்து வைத்தால்தான் பிறகு வந்த குறை மருந்தால் வந்ததா என்று தெரியும். எல்லா ஆடியோகிராம்களையும் தேதியோடு ஒரே உறையில் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டு போங்கள்.